வலக்கைக்கு எழுபது: தோட்டத் தொழிலாளியின் ஊனமும் சட்டத்தின் கணக்கும்

மனிதனுடைய கைக்கு விலை சொல்ல முடியுமா? முடியும் என்று கூறி, அந்த விலையை அட்டவணையாகவே அச்சிட்டுத் தந்தது 1923ஆம் ஆண்டில் இந்தியாவில் நிறைவேறிய தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம். வலக்கையை முழங்கையிலோ அதற்கு மேலோ இழந்தவன், சம்பாதிக்கும் ஆற்றலில் நூற்றுக்கு 70 பங்கை இழந்தவனாகக் கருதப்பட்டான். இடக்கைக்கு 60. கால் முழங்காலுக்கு மேல் போனால் 60, கீழே போனால் 50. காது முற்றும் கேளாமற்போனால் 50, ஒரு கண் போனால் 30, கட்டைவிரலுக்கு 25, சுட்டுவிரலுக்கு 10, ஏனைய விரல்கள் ஒவ்வொன்றுக்கும் 5.

இந்த அட்டவணையை வகுத்தவர்கள் கொழுந்து பறிப்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறேன். கையால் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு வலம் இடம் என்ற பேதம் ஏது? இரு கைகளும் ஒரே வேகத்தில் செடிமீது ஓடி, பிடி நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் கூடைக்குள் எறியும். அவளுக்கு இடக்கை பத்துப் பங்கு மலிவாகப் போனது, எழுதுகோல் பிடிப்பவர்கள் எழுதிய சட்டம் என்பதால்தான். அது மட்டுமன்று, அந்தச் சட்டம் முதலில் வந்தபோது அதன் தொழிற்பட்டியலில் தேயிலைத் தோட்டமே இல்லை. பின்னரே சேர்க்கப்பட்டது.

கணக்கைச் சற்று முடித்துப் பார்ப்போம். நிலையான முழு ஊனத்திற்கு 42 மாதச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. தொழிலாளி இறந்துபோனால் குடும்பத்தாருக்கு 30 மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், எது குறைவோ அது. மாதம் 15 ரூபாய் வாங்குகிறவனுக்கு முழு ஊனத்தின் விலை 630 ரூபாய். அதில் வலக்கை 441 ரூபாய். சிறுவிரல் ஒன்று 31 ரூபாய் 50 காசு. அதாவது இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சற்று மேல். செத்தவனைவிட ஊனமுற்றுப் பிழைத்தவனுக்கு விலை கூடுதல் என்பதைக் கவனிக்க வேண்டும். கொடுமையாகத் தோன்றினும் இதில் ஒரு நேர்மை உண்டு. பிழைத்தவன் நாளையும் சாப்பிட வேண்டும் என்பதைச் சட்டம் முதன்முதலாக ஒப்புக்கொண்ட இடம் அது.

ஊனமுற்ற தொழிலாளிக்கு நம் தோட்டப்புறங்களில் காலந்தோறும் மூன்று விதமான விடைகள் தரப்பட்டன. ஊருக்கு அனுப்பிவிடு என்பது ஒன்று. பணத்தைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிடு என்பது இரண்டாவது. இங்கேயே வைத்துக் காப்பாற்று என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, முந்தியதை நீக்கிவிட்டன என்று பாடநூல்கள் எண்ண வைக்கும். உண்மையில் முதல் விடை இன்றளவும் நம்மை விட்டு நீங்கவில்லை.

கப்பல் சீட்டு

தோட்டத் தொழிலாளியின் உடலைச் சோதிப்பது அவன் கப்பல் ஏறுமுன்பே தொடங்கிற்று. நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் இருந்த குடியேற்ற முகாம்களில் மருத்துவர் ஒவ்வொருவரையும் பார்ப்பார், அம்மை குத்துவார்கள், வேலைக்கு ஆகாத உடல் என்று கண்டால் அங்கேயே கழித்துவிடுவார்கள். கரை இறங்கியதும் மறுபடி சோதனை. பினாங்குக்கு வந்த கப்பல்களில் நோய் கண்டால் ஜெரஜாக் தீவில் ஒதுக்கிவைப்பார்கள். எனவே, ஊனமுற்ற ஒருவர் மலாயாத் தோட்டத்தில் இருந்தாரென்றால், பெரும்பாலும் அவர் ஊனம் இந்த மண்ணில் வந்தது. முழு உடலாக இறக்குமதியானவர் பின்னர் குறையுடையவரானார்.

அப்படி ஆனவரை என்ன செய்தார்கள்? 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்பட்டது. பின்னாளில் இந்தியர் குடியேற்ற நிதி என்று அதற்குப் பெயர். தோட்ட முதலாளிகள் தங்களிடம் வேலை செய்த இந்தியத் தொழிலாளிகளின் எண்ணிக்கைக்கும் வேலைநாளுக்கும் ஏற்ப அதற்கு வரி கட்டினார்கள். கங்காணி திரட்டிய ஆட்களுக்கு அந்நிதியிலிருந்துதான் இலவசக் கப்பல் சீட்டு. உடல் தளர்ந்தவர், நோயாளி, ஊனமுற்றவர் ஆகியோருக்குத் திரும்பிப் போகும் சீட்டும் அதிலிருந்தே. போக்கிடமற்றவர்களுக்குக் கோலாலம்பூரில் ஒரு விடுதியும் நடந்தது. அக்கால ஆங்கில அறிக்கைகள் அத்தகையோரைக் குறிக்க ஆண்ட சொல், இடிந்து விழப்போகும் பழங்கட்டடத்துக்குச் சொல்லும் சொல்.

வரவழைத்த நிதியே திருப்பி அனுப்பவும் பயன்பட்டது என்பதில் ஒரு கணக்குப்பிள்ளையின் ஒழுங்கு இருக்கிறது. புதிய உடல் வரும். பழைய உடல் போகும். போன உடலை நாகப்பட்டினத் துறைமுகத்துக்கு அப்பால் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி மலாயாவின் ஏட்டில் எழவேயில்லை. அது தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் மாவட்டங்களின் கிராமங்களுக்கு விடப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து ஊன்றுகோலுடன் வந்து இறங்கியவனை அண்ணன் தம்பி அடையாளம் கண்டுகொண்டார்களா? நிலத்தில் பங்கு கேட்பான் என்று அஞ்சினார்களா? இதை எந்த அறிக்கையும் எழுதவில்லை. நம் பாட்டிமார் சொன்ன கதைகளில்தான் தேடவேண்டும்.

உலகப் பொருளாதார மந்தத்தின்போது 1930 முதல் 1932 வரை லட்சத்துக்கு மேற்பட்ட தென்னிந்தியர் ரப்பர் விலை விழுந்த காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டனர். அப்போது ஊனமுற்றவன், ஊனமில்லாதவன் என்ற வேறுபாடுகூட இல்லை. 1936ஆம் ஆண்டு டிசம்பரில் மகாகனம் சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் வந்து பார்த்து 1937இல் அறிக்கை தந்தார். 1938ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் முதல், உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு நிறுத்திவிட்டது. புதிய உடல் வருவது நின்றது. எனினும் பழைய உடலை அனுப்பும் பழக்கம் நிற்கவில்லை. அந்த நிதி 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறி, 1999இல் கலைக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பிறகு, சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த தோட்டத் தமிழர் பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறியதும் நமக்கு நினைவிருக்கலாம்.

1929

எங்கள் மலையின் கதையில் 1929 முக்கியமான ஆண்டு. ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் சாலை அப்போது முழுமையாக முடிந்திருக்கவில்லை. காட்டை அழித்து, சரிவில் செடி வைத்தவர்களில் பலர் நம்மவர். அதே 1929ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் மாநிலங்களில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் நிறைவேறியது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்குமே அந்த மாநிலங்கள். ஆகவே பகாங்கைச் சேர்ந்த எங்கள் மலைக்கும் அது பொருந்தும். தேயிலையும் நட்டஈடும் இம்மலைக்கு ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தன எனலாம்.

சட்டத்தின் பிறப்பிடம் வேறு. 1837இல் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி என்ற பணியாள், தன் முதலாளி ஃபவுலர்மீது தொடுத்த வழக்கில், வேலையின் ஆபத்துகளை அறிந்தே பணியாள் வேலைக்கு வருகிறான் என்ற கருத்து நிலைபெற்றது. அறுபது ஆண்டுக் காலம் அந்தக் கருத்து தொழிலாளியின் வாயை அடைத்தது. அடிபட்டவன் முதலாளியின் குற்றத்தை மெய்ப்பித்தாக வேண்டும். சுரங்கத்தில் கால் இழந்தவன் வழக்கறிஞருக்கு எங்கே போவான்? செருமனியில் பிஸ்மார்க் 1884இல் விபத்துக் காப்புறுதியும் 1889இல் முதுமைக்கும் இயலாமைக்குமான காப்புறுதியும் கொண்டுவந்தார். தொழிலாளர்மீது கொண்ட பரிவைவிட, அவர்கள் சமதர்மக் கட்சியிடம் போய்விடுவார்களோ என்ற அச்சமே அவரைச் செயற்படுத்தியது என்பர். இங்கிலாந்து 1897இல் நட்டஈட்டுச் சட்டம் செய்தது. யார் குற்றம் என்று கேட்க வேண்டாம். வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்த காயமா என்று மட்டும் கேட்டால் போதும் என்பதே அதன் புதுமை. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் மலாயாவின் 1929ஆம் ஆண்டுச் சட்டமும் அக்குடும்பத்தில் பிறந்தவை.

குற்றம் தேடாத சட்டம் என்பது பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. ஆனால் வேலையின்போது என்ற அந்தச் சொல் ஒரு வேலியும் ஆயிற்று. பெரட்டுக்குப் போகும் வழியில் விழுந்தால் வேலையா, இல்லையா? லயத்துக் குழாயடியில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தவள் வேலிக்கு வெளியே. காசநோயால் நுரையீரல் கெட்டவன் வெளியே. பிறவியிலேயே கால் வளைந்த பிள்ளையைப் பற்றிச் சட்டம் நினைத்துப் பார்க்கவே காரணமில்லை. அது பேர் போடாத பிள்ளை. செக்ரோலில் பெயர் இருப்பவனுடைய உடலுக்கு மட்டுமே சட்டத்தின் கண்ணில் உறுப்புகள் இருந்தன.

சயாம்

முதலாளியே மறைந்துபோனால் என்ன ஆகும் என்பதை 1942 முதல் 1945 வரையிலான காலம் காட்டியது. பர்மாவில் தன்பியூசாயத்துக்கும் சயாமில் பான்போங் பகுதிக்கும் இடையே ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டோரைப் பற்றி நம் எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கால் இழந்து மீண்டவர்களைப் பற்றி எழுதியது குறைவு. மூங்கில் கீறிய சிறு புண் அழுகி எலும்புவரை போகும். மருந்தில்லாத முகாமில் காலை வெட்டுவதுதான் உயிரைக் காக்கும் வழி.

அவர்கள் திரும்பி வந்தபோது அட்டவணை முறை அப்படியே இருந்தது. ஆனால் ஒரு காலின் பங்கு யாருடைய சம்பளத்தில் கணக்கிடப்படும்? எந்தத் துரையின் செக்ரோலில்? தோட்டத் துரை சிறையில் இருந்த காலத்தில், வேறோர் அரசு பிடித்துக்கொண்டு போன வேலையில் போன கால் அது. போருக்குப் பின் பிரிட்டிஷார் அந்த இரயில்பாதையைச் சயாம் அரசுக்கு 12,50,000 பவுனுக்கு விற்றனர். தண்டவாளத்துக்கும் பாலத்துக்கும் மதிப்புப் போட ஆள் இருந்தது. முதலாளியை முன்னிறுத்தி எழுதப்பட்ட நட்டஈட்டு முறை, முதலாளி இல்லாத இடத்தில் ஊமையாகிவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நம் வரலாற்றில் இல்லை.

இரண்டு பசுக்கள்

1952இல் மலாயாக் கூட்டரசு முழுமைக்குமாகப் புதிய நட்டஈட்டுச் சட்டம் வந்தது. முறை பழையதே: ஒரே தடவையில் ஒரு தொகை. கணக்குத் தீர்ந்தது, இனி நீ யாரோ, நான் யாரோ.

இந்த முறையைப் பழிப்பது எளிது. எனினும் எதிர்மாறான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த புதிதில் எனக்குப் பழக்கமான முதியவர் ஒருவருக்கு இடக்கையில் மூன்று விரல்கள் இல்லை. ஏதோ ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரம் 1960களில் தின்றது. எத்தனை விழுக்காடு, எவ்வளவு வெள்ளி என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. "ரெண்டு பசு வாங்கினேன் சார்" என்றார். அந்தப் பசுக்களின் கன்றும் கன்றின் கன்றுமாகப் பால் விற்று நான்கு பிள்ளைகளை வளர்த்துவிட்டார். மூன்று விரலுக்கு ஒரு மந்தை! மாதந்தோறும் சிறு தொகை வந்திருந்தால் பசு வாங்கியிருக்க முடியாது என்பது அவர் கட்சி. ஆனால் அதே விபத்துப் பணத்தை வாங்கி, பழைய கடையின் பாக்கியைத் தீர்த்து, கள்ளுக்கடைக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டு, ஆறே மாதத்தில் வெறுங்கையாக நின்றவர்களையும் அவரே பெயர் சொல்லி எண்ணிக் காட்டினார். பசு வாங்கியவர் ஒருவர், வாங்காதவர் பலர்.

சட்டம் பிறகு அந்தப் பலரின் பக்கம் திரும்பியது. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1971இல் நிறுவப்பட்டதே நாம் சொக்சோ என்று அழைக்கும் அமைப்பு. இதில் முதலாளி தனி ஆளாக நட்டஈடு கொடுப்பதில்லை. எல்லா முதலாளிகளும் தொழிலாளர்களும் சந்தா கட்டிய பொதுப் பானையிலிருந்து கொடுக்கப்படுகிறது. தோட்டம் கைமாறினாலும் மூடப்பட்டாலும் உதவித்தொகை நிற்காது. சயாமில் கால் இழந்தவனுக்கு இல்லாமற்போனது இதுதான். வேலை விபத்தில் தற்காலிகமாக இயலாமற்போனவருக்குச் சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு. நிலையான ஊனத்திற்கு மாத உதவி. பிறர் துணையின்றி எழவே முடியாதவருக்குத் துணையாளுக்கென மாதம் 500 வெள்ளி. இவற்றோடு இயலாமை ஓய்வூதியம் என்ற ஒன்றும் சேர்ந்தது. இதற்கு வேலையில்தான் அடிபட்டிருக்க வேண்டும் என்பதில்லை. நோயாலோ வேறு காரணத்தாலோ, இயல்பாக ஈட்டக்கூடிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஈட்ட இயலாதவர் அதற்கு உரியவர். பழைய வேலியில் முதன்முறையாக ஒரு கதவு திறந்தது.

கதவுக்கும் ஒரு தாழ்ப்பாள் உண்டு. முழு ஓய்வூதியத்துக்கு, விண்ணப்பத்துக்கு முந்திய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது விதிகளில் ஒன்று. நேரடியாகத் தோட்டத்தில் பேர் போட்டவருக்கு இது தொல்லையில்லை. ஒப்பந்தக்காரரிடம் ஒரு மாதம் வேலை, அடுத்த மாதம் காய்கறித் தோட்டத்தில் கைக்கூலி என்று இருப்பவருக்குத்தான் இடைவெளி விழுகிறது. சம்பளச் சீட்டில் சந்தாப் பகுதியைப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் ஒன்று இருந்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆறாம் ஆண்டுக் கணக்குப் பாடத்தில் நான் அதைச் சேர்த்துக் கற்பிப்பது உண்டு. பாடத்திட்டத்தில் இல்லை என்று இதுவரை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இப்போதைய வெளிநாட்டார்

அனைத்துலகத் தொழில் அமைப்பு 1925ஆம் ஆண்டில் இரண்டு ஒப்பந்தங்களை ஏற்றது. 17ஆம் எண் ஒப்பந்தம் விபத்து நட்டஈட்டைப் பற்றியது. 19ஆம் எண் ஒப்பந்தம், நட்டஈட்டில் வெளிநாட்டுத் தொழிலாளியையும் உள்நாட்டானையும் சமமாக நடத்தவேண்டும் என்பது. மலாயா விடுதலை பெற்ற சில மாதங்களுக்குள், 1957 நவம்பரில் இவ்விரண்டையும் ஏற்றது. அன்று அந்த வெளிநாட்டான் யார்? பெரும்பாலும் குடியுரிமை கைக்கு வராத நம் தாத்தாதான்.

1993ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், வெளிநாட்டுத் தொழிலாளர் சொக்சோவிலிருந்து நீக்கப்பட்டு, 1952ஆம் ஆண்டின் பழைய நட்டஈட்டுச் சட்டத்துக்குள் தள்ளப்பட்டனர். ஒரே சரிவில், ஒரே கத்தியால் வெட்டுப்பட்ட இருவரில் ஒருவருக்கு வாழ்நாள் உதவி, மற்றவருக்கு ஒரே தடவைத் தொகையும் ஊருக்கு விமானச் சீட்டும். கப்பல் சீட்டு விமானச் சீட்டாகியது, வேறென்ன? 19ஆம் எண் ஒப்பந்தத்துக்கு இது மாறானது என்று தொழில் அமைப்பின் வல்லுநர் குழு பல ஆண்டுகள் சுட்டிக்காட்டி வந்தது. 2019 ஜனவரி முதல் நாளில்தான் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு வேலை விபத்துப் பாதுகாப்பு மீண்டும் சொக்சோவில் கிடைத்தது. இயலாமைத் திட்டம் 2024 ஜூலை முதல் நாளில் அவர்களுக்கும் விரிந்தது. முப்பத்தோர் ஆண்டுகள் என்பது ஒரு தொழிலாளியின் முழு உழைப்புக் காலம்.

இன்று எங்கள் மலைச் சரிவுகளில் தேயிலை வெட்டுவோரில் பலர் வங்காளதேசத்தவர், நேப்பாளத்தவர், இந்தோனேசியர். இருவர் தூக்கிப் பிடிக்கும் இயந்திரக் கத்தி செடிமேல் ஓடும்போது ஈரச் சரிவில் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நம்மவரில் சிலர் அவர்களைப் பேசும் பேச்சு, ஒரு காலத்தில் நம்மைப் பேசிய பேச்சே. வந்தேறி என்ற சொல்லின் சூட்டை அறிந்தவர்கள் அதை இன்னொருவர்மேல் வைக்கலாமா?

செக்ரோலுக்கு வெளியே

இதுவரை கூறியவை அனைத்தும் சம்பளத்தை ஒட்டியவை. சம்பளமே வாங்காத ஊனமுற்றவர்? மணிமேகலையில் ஆபுத்திரன் மதுரை நகரில் பிச்சை ஏற்று, கண்ணில்லாதவர், காது கேளாதவர், கால் முடம்பட்டவர், நோயாளி, காப்பாரற்றவர் ஆகிய எல்லாரையும் கூவி அழைத்து உண்பித்து, மிஞ்சியதைத் தான் உண்கிறான். வகுப்பில் இதை அறம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதிலுள்ள வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும்: அவன் அவர்களை அழைக்கிறான், அனுப்பவில்லை. அறமே எனினும் அது பிச்சைப் பாத்திரத்தின் அறம். பாத்திரம் வற்றினால் பசி. அதை உரிமையாக மாற்ற நெடுங்காலம் ஆயிற்று.

இந்நாட்டில் சமூகநலத் துறை 1946இல் தோன்றியது. கண்ணற்றோர்க்கான செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் பினாங்குக்கு மாறியது. காது கேளாதோர் பள்ளி 1954இல் பினாங்கில் ஏற்பட்டது. நல்ல நிறுவனங்கள், நல்ல மனிதர்கள் நடத்தியவை. ஆயினும் மலைத் தோட்டத்துத் தாய்க்கு அவை எப்படித் தோன்றியிருக்கும்? பார்வையில்லாத ஆறு வயதுப் பிள்ளையைத் தாப்பா வரை லாரியில் இறக்கி, அங்கிருந்து பேருந்திலும் இரயிலிலும் கொண்டுபோய்க் கடல் கடந்த தீவில் விட்டுவிட்டு வரவேண்டும். மறுபடியும் அனுப்புதல்! விட மனமில்லாதவள் ஆயாக் கொட்டகையில் வைத்துக்கொண்டாள். ஆயா கிழவி பார்த்துக்கொண்டாள். தோட்டத்தில் உண்மையாக நடந்த பராமரிப்பு அதுதான். எந்த ஏட்டிலும் அதற்குக் கணக்கில்லை, அதற்குக் கூலியும் இல்லை. 2021ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் படுக்கையிலிருப்போரைப் பராமரிப்பவருக்கான உதவித்தொகை 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்ந்தபோதும், 2022 டிசம்பரில் இல்லத்தரசிகளுக்கெனச் சமூகப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோதும், அந்த ஆயாக் கிழவிகளை நினைத்துக்கொண்டேன்.

சொற்களும் மாறின. மலாய் மொழியில் சாச்சாட் என்றது குராங் உபாயா ஆயிற்று. உபாயா என்பது நம் உபாயமே. தமிழில் நொண்டி, செவிடு போய் அங்கவீனர் வந்தது, பின்னர் ஊனமுற்றோர், தமிழ்நாட்டில் கலைஞர் மு. கருணாநிதி ஆட்சிக் காலத்தில் மாற்றுத் திறனாளி. இங்கே உடற்பேறு குறைந்தோர் என்றும் எழுதுகிறோம். நல்ல சொல் வேண்டும்தான். ஆனால் சொல்லை மாற்றிய வேகத்தில் படிக்கட்டை மாற்றவில்லை என்பதையும் தமிழாசிரியர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம் அவ்வாண்டு ஜூலை 7இல் நடைமுறைக்கு வந்தது. பொதுக் கட்டடம், போக்குவரத்து, கல்வி, வேலை, பண்பாடு ஆகியவற்றில் மற்றவர்க்குச் சமமான உரிமையை அது எழுதிவைத்தது. ஐக்கிய நாடுகளின் உரிமை ஒப்பந்தத்தை மலேசியா 2010 ஜூலையில், சில விதிகளை ஒதுக்கிவைத்து, ஏற்றது. ஆனால் 2008இல் நிறைவேறிய சட்டத்தில் உரிமையை மறுத்தவருக்குத் தண்டனை இல்லை. அதுமட்டுமா? நல்லெண்ணத்துடன் செய்ததற்கோ செய்யத் தவறியதற்கோ அரசின்மீது வழக்குத் தொடர முடியாது என்று 41ஆம் பிரிவு கூறிற்று. இந்தியா 2016இல் செய்த சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்று, மீறுவோருக்கு அபராதமும் சில குற்றங்களுக்குச் சிறையும் விதித்தது. அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை; ஆனால் கேட்க ஒரு வாசல் இருக்கிறது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் கைக்கு 70 என்று குறுகிய விலை போட்டது உண்மை. எனினும் அந்த 70ஐக் கொடுக்காத முதலாளியிடம் வசூலிக்கலாம். 2008ஆம் ஆண்டுச் சட்டம் மனிதனுக்கு விலை போடாமல் மதிப்புக் கொடுத்தது. அந்த மதிப்பைக் கொடுக்காதவரிடம் வசூலிக்க வழி வைக்கவில்லை.

பதிவு செய்துகொள்வதிலேயே தயக்கம் இருக்கிறது. அட்டை எடுத்தால் வேலையில் கழித்துவிடுவார்கள் என்று ஒரு தகப்பனார் என்னிடம் சொன்னார். அவர் அச்சம் அவருடையது மட்டுமன்று. மூன்று தலைமுறையாக உடல்குறை வெளியே தெரிந்தால் சீட்டுக் கிழியும் என்று கற்றுக்கொண்ட குடும்பத்தின் அறிவு அது. அவரைப் படிப்பறிவில்லாதவர் என்று சொல்லிவிடுவது எளிது. அவர் வரலாற்றைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

பள்ளிக்கூடம்

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. நம் தோட்டப் பள்ளிகள் பல அப்படிப் பிறந்தவை. அந்தப் பத்தில் நடக்க இயலாத பிள்ளையை எண்ணினார்களா என்று எனக்கு அடிக்கடி தோன்றும். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஊனத்தைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பொதுக் கல்வியிலிருந்து விலக்கக்கூடாது என்கிறது. 2019இல் கல்வி அமைச்சு எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாத கொள்கையை அறிவித்தது. திருப்பி அனுப்பாமை என்று ஓர் அரசு ஆவணம் சொன்னபோது, எங்கள் தோட்டங்களின் நூறு ஆண்டுக் கதையை அறிந்த எனக்கு அச்சொல் சாதாரணமாகப் படவில்லை.

கொள்கை வந்தது; மலை அப்படியே இருக்கிறது. எங்கள் பள்ளி வாசலுக்கு ஏற 14 படிகள். ஒரு படி அரை அடி என்றால் ஏழு அடி உயரம். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. ஆக, 84 அடி. வாசலுக்கும் சாலைக்கும் இடையே அவ்வளவு சமதரை இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் கயிறு பிடித்து அளந்து பார்த்தார்கள். இரண்டு மடிப்பாக வளைத்துக் கட்டினால் ஒன்பதாம் படிவரை வரும் என்று கொத்தனார் சொல்கிறார். எஞ்சிய ஐந்து படிகளுக்கு இப்போதைக்கு இரண்டு பெரிய பையன்கள் நாற்காலியைத் தூக்குகிறார்கள். காலை ஏழு பத்துக்கு ஒருமுறை, மதியம் ஒருமுறை.